பாலிக்கு ஒரு காப்பு, மசாய் மாராவுக்கு வேறு காப்பு

பயணத்துக்குப் பெட்டி கட்டும்போது கொசுவின் ஞாபகம் பெரும்பாலும் கடைசியில்தான் வரும். கிளம்பும் அவசரத்தில் தெருமுனை மருந்துக்கடையில் ஒரு கிரீம் ட்யூப் வாங்கிக் கைப்பையில் செருகிக்கொள்வோம். சில ஊர்களுக்கு அந்த ட்யூப் போதும், சில ஊர்களுக்கு நிச்சயமாகப் போதாது. எந்த ஊராக இருந்தாலும் அதைத் தவறான வேளையில் பூசினால் பாதிப் பயன்தான். கொசுக்காப்பில் முதலில் பார்க்க வேண்டியது கடிகாரத்தை. பொருளைப் பற்றிய யோசனை அதற்குப் பிறகுதான். இந்த அத்தியாயம் முழுவதும் அந்த ஒரு கருத்தைத்தான் வற்புறுத்துகிறது. அதற்காகத் தமிழ்நாட்டுக் குடும்பங்கள் இப்போது அதிகம் போகும் ஒரு தீவையும், காசு சேர்த்துப் போகும் ஒரு காட்டையும் எடுத்துக்கொள்வோம். முதலாவது இந்தோனேசியாவின் பாலி. இரண்டாவது கென்யாவின் மசாய் மாரா. இரண்டும் வெப்பமண்டலம், இரண்டிலும் கொசு உண்டு. ஆனால் ஒன்றுக்குச் செய்யும் தயாரிப்பு மற்றதற்கு உதவாது.

எந்தக் கொசு, எந்த நேரம்

டெங்கு, சிக்குன்குனியா, ஜிகா மூன்றையும் பரப்பும் ஏடிஸ் பகலில் கடிக்கும். விடிந்த பின் இரண்டு மூன்று மணி நேரமும், பொழுது சாய்வதற்கு முந்தைய சில மணி நேரமும் அதற்கு உச்சவேளை. மலேரியாவைப் பரப்பும் அனாஃபிலிஸ் அந்தியில் கிளம்பி விடியும்வரை கடிக்கும். கியூலெக்ஸும் இரவுக்காரி, ஆசியாவின் நெல்வயல் ஓரங்களில் ஜப்பானிய மூளைக்காய்ச்சலைக் கொண்டுவருவது அந்த இனம். சுற்றுலாப் பயணிக்கு இதற்குமேல் பூச்சியியல் வேண்டாம்.

நம் வீடுகளில் கொசு எதிர்ப்பு என்றால் மாலை ஆறு மணிக்குச் சன்னலைச் சாத்துவது, லிக்விட் மெஷினைச் செருகுவது, வலையைக் கட்டுவது. அதாவது இரவுக்கான ஏற்பாடு. அதையே பழக்கதோஷத்தில் பாலிக்கும் கொண்டுபோகிறோம். உபுதில் தங்குமிடத் தோட்டத்தில், காலை ஏழரை மணிக்கு அரைக்கால் சட்டையோடு உட்கார்ந்து காபி குடிக்கும்போது மேசைக்கு அடியில் கணுக்காலைத் தேடி வருவது ஏடிஸ். தாழப் பறக்கும், ரீங்காரமும் பெரிதாகக் கேட்காது. முந்தைய இரவு வலைக்குள் பத்திரமாகத் தூங்கியதால் அந்தக் கடிக்கு எதிராக ஒரு பயனும் இல்லை. விளக்கு வெளிச்சம் நிறைந்த அறையில் இதே ஏடிஸ் இரவிலும் கடிக்கக்கூடும் என்பதால் வலையைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம். ஆனால் பாலியில் காப்பின் பெரும்பகுதி பகலுக்குத்தான் போக வேண்டும். மசாய் மாராவில் இது தலைகீழ்.

பயணம் உறுதியானதும் செய்ய வேண்டியவை:

1. நாட்டின் பெயரோடு நிற்காமல், இரவு தங்கும் ஊர்களை வரிசையாக எழுதுங்கள். பாலியின் சுற்றுலாப் பகுதிகளில் மலேரியா அபாயம் இல்லை. ஆனால் அங்கிருந்து கொமோடோ உடும்பைப் பார்க்க லாபுவான் பாஜோவுக்குப் போனால் மலேரியா உள்ள பகுதிக்குள் நுழைகிறீர்கள். ஒரே நாடு, ஒரே விடுமுறை, ஆனால் வேறு கணக்கு.
2. ஒவ்வொரு ஊருக்கும் எதிரே மூன்று கேள்விகள்: மலேரியா உண்டா? டெங்கு உண்டா? மஞ்சள் காய்ச்சல் சான்றிதழ் கேட்பார்களா? மூன்றாவது கேள்வியைப் போகும் நாட்டுக்கு மட்டுமன்றி, திரும்பிவரும் இந்தியாவுக்கும் சேர்த்துக் கேளுங்கள்.
3. எந்த மாதம் என்று குறியுங்கள். பாலியில் மழை ஏறக்குறைய நவம்பரிலிருந்து மார்ச் வரை. மழை பெய்து தேங்கிய பிறகே டெங்கு ஏறும் என்பதால் மழை ஓய்ந்த மாதத்தையும் ஆபத்துக் கணக்கில் வையுங்கள்.
4. கிளம்ப நான்கு முதல் ஆறு வாரம் இருக்கும்போதே இந்தத் தாளோடு மருத்துவரைப் பாருங்கள். கடைசி வாரத்தில் போனால் சில தடுப்பூசிகளுக்கும் மாத்திரைகளுக்கும் காலம் கடந்திருக்கும்.

‘கொசு நமக்கென்ன புதிதா?’

இந்தக் கேள்வியைத் தாண்டாமல் மேலே போவதில் பொருளில்லை. பிறந்தது முதல் கொசுக்கடியில் வளர்ந்தவர்கள் நாம். வெள்ளைக்காரச் சுற்றுலாப் பயணிக்குச் சொல்லும் எச்சரிக்கையெல்லாம் நமக்கு எதற்கு என்று பலரும் நினைக்கிறார்கள். கடித்த இடம் முன்போல வீங்குவதில்லை என்பது உண்மையாக இருக்கலாம். கடிக்குத் தோல் பழகியது வேறு, கடிவழியே நுழையும் வைரஸுக்கு உடம்பு பழகியது வேறு. டெங்குவில் இந்த நினைப்பு வெறும் பிழையோடு நிற்காமல் ஆபத்தாகவே முடியும்.

டெங்கு வைரஸில் நான்கு வகைகள் உண்டு. ஒரு வகை வந்து போனால் அந்த வகைக்கு எதிரான எதிர்ப்புசக்தி நீடிக்கும். மற்ற மூன்றுக்கு எதிரான காப்பு சில மாதங்களில் கரைந்துவிடும். அதன்பின் வேறொரு வகை வந்தால், பழைய எதிரணுக்கள் வைரஸைத் தடுப்பதற்குப் பதிலாக அது செல்லுக்குள் நுழைய உதவக்கூடும். கியூபாவில் 1977-இல் முதல் வகை டெங்கு பரவியது. பெரிதாக யாரும் சாகவில்லை. 1981-இல் இரண்டாம் வகை வந்தபோது மூன்று லட்சத்து நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள், 158 பேர் இறந்தார்கள். கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் முந்தைய பரவலில் ஒருமுறை டெங்கு கண்டவர்கள்.

இனி நம் பக்கத்துக் கணக்கைப் பாருங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் 2017-18-இல் நாடு முழுவதும் 5 முதல் 45 வயது வரையுள்ளவர்களின் ரத்தத்தைச் சோதித்தது. முன்பு டெங்கு வந்துபோனதற்கான அடையாளம் நாட்டளவில் ஏறத்தாழ 49 விழுக்காட்டினருக்கு இருந்தது. தென்மாநிலங்களில் அது ஏறத்தாழ 77 விழுக்காடு. இவர்களில் பலருக்குத் தமக்கு டெங்கு வந்ததே தெரியாது. ஏதோ ஒரு மழைக்காலத்தில் மூன்று நாள் காய்ச்சல் என்று கடந்திருப்பார்கள். அப்படியானால் பாலி விமானத்தில் ஏறும் மதுரைக்காரர், பக்கத்து இருக்கை ஜெர்மானியரைவிட இரண்டாம் டெங்குவுக்கு மிக அருகில் நிற்கிறார். இரண்டாம் தொற்று வந்த எல்லோருக்கும் நோய் முற்றும் என்பதில்லை, பெரும்பாலோர் தேறிவிடுகிறார்கள். ஆனால் ‘எனக்குப் பழக்கம்’ என்று சொல்லிச் சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொள்ள இந்தக் கணக்கில் இடமில்லை.

மலேரியாவில் இந்த வாதம் வேறு விதமாகச் சரிகிறது. திரும்பத் திரும்ப மலேரியா கண்டு பெரியவர்களானவர்களுக்கு ஓரளவு தாங்குசக்தி வருவது உண்மை. ஊரை விட்டு வந்து ஓரிரு ஆண்டுகளில் அது தேய்ந்துவிடும். பிரிட்டனுக்குள் வந்துசேரும் மலேரியாவில் பெரும்பங்கு, ஆப்பிரிக்காவில் உள்ள உறவினரைப் பார்க்கப் போய்த் திரும்பியவர்களுடையது. சொந்த ஊர்தானே என்று மாத்திரையைத் தவிர்த்தவர்கள் அவர்களில் நிறைய. நம்மூர் விஷயமும் ஆறுதல் தருவதாக இல்லை. சென்னையில் காலங்காலமாகக் கண்ட மலேரியா பெரும்பாலும் விவாக்ஸ் வகை. ஆளை வாட்டும், கொல்வது அரிது. கென்யாவில் காத்திருப்பது ஃபால்சிபாரம் என்ற கொடிய வகை. 2023-இல் உலகில் மலேரியாவால் இறந்தவர்கள் ஏறத்தாழ 5,97,000 பேர் என்று உலக சுகாதார நிறுவனம் கணித்தது. அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு ஆப்பிரிக்கப் பிராந்தியத்தில். லண்டனிலிருந்தோ டொரான்டோவிலிருந்தோ விடுமுறைக்குச் சென்னைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் வரும் தமிழர்களும் இந்தப் பத்தியைத் தங்களுக்காகப் படித்துக்கொள்ளலாம். இலங்கையை மலேரியா அற்ற நாடு என்று 2016-இல் அறிவித்துவிட்டார்கள். ஆனால் அடுத்த ஆண்டே அங்கு 1,86,000 பேருக்கு மேல் டெங்கு என்று பதிவாயிற்று.

பாலி: விடியலிலிருந்து விளக்கு வைக்கும் வரை

ஏடிஸ் சிறிய, கலங்காத நீரில் முட்டையிடும். பூந்தொட்டியின் அடித்தட்டு, தேங்காய்ச் சிரட்டை, வெட்டிய மூங்கிலின் குழி, பயன்படுத்தாத கழிப்பறையின் நீர்த்தொட்டி எல்லாம் அதற்குப் போதும். பிறந்த இடத்தைவிட்டு ஓரிருநூறு மீட்டருக்கு மேல் அது போவது குறைவு. ஆகவே உங்களைக் கடிப்பது பெரும்பாலும் நீங்கள் தங்கும் வளாகத்திலேயே பிறந்த கொசு. ‘நட்சத்திர விடுதியில் கொசு ஏது’ என்பவர்களுக்கும் இதுதான் பதில். தோட்டமும் தொட்டியும் அல்லித் தடாகமும் நிறைந்த விடுதி, வெறும் கட்டடமான சிறிய லாட்ஜைவிட ஏடிஸுக்கு உவப்பானது. மாலையில் புகை அடிக்கிறார்களே என்றால், புகை அப்போது பறந்துகொண்டிருக்கும் கொசுவைக் கொல்லும். முட்டையையும் புழுவையும் தொடாது. தண்ணீர் வற்றினாலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும் முட்டை அது.

1. அறைக்குள் நுழைந்ததும் பெட்டியைத் திறக்கும் முன் ஒரு சுற்று வாருங்கள். தொட்டித் தட்டு, குளியலறை மூலை, பால்கனியில் வைத்த வாளி ஆகியவற்றில் தேங்கிய நீரைக் கவிழ்த்துவிடுங்கள். பெரிய தேக்கமாக இருந்தால் வரவேற்பறையில் சொல்லிக் கொட்டச் செய்யுங்கள். பாலியில் திறந்தவெளிக் குளியலறைகள் ஒரு கவர்ச்சி. அந்தக் கதவு படுக்கையறைப் பக்கம் எப்போதும் சாத்தியிருக்கட்டும்.
2. காலையில் பல் துலக்கியதும், அறையைவிட்டு வெளியே கால் வைக்கும் முன், கொசுவிரட்டி பூசுங்கள். காலை உணவுக்குப் பிறகு என்று தள்ளிப்போடுவதுதான் மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. கடி உணவு மேசையிலேயே நடந்துவிடும்.
3. கணுக்கால், பாதத்தின் மேற்புறம், முழங்காலின் பின்புறம், முழங்கை, பிடரி ஆகிய இடங்களை விட்டுவிடாதீர்கள். தளர்ந்த முழுக்கால் சட்டையும் காலுறையும் போட்டால் பாதி வேலை குறையும். உடம்போடு ஒட்டிய லெக்கிங்ஸின் மேலேயே கொசு கடித்துவிடும்.
4. நீச்சல் முடிந்து துடைத்ததும் மறுபடி பூசுங்கள்.
5. மாலை நான்கு மணிக்கு இன்னொரு முறை. தெகல்லாலாங் படிவயல்களைப் பார்க்கப் போகும் நேரமும், கடற்கரையில் சூரியன் மறைவதற்காகக் காத்திருக்கும் நேரமும் ஏடிஸின் இரண்டாம் உச்சவேளைதான்.
6. குழந்தையின் மதியத் தூக்கம் வலைக்குள் நடக்கட்டும். இரவில் மட்டும் வலை விரிக்கும் பழக்கத்தை இந்த ஊரில் மறந்துவிடுங்கள்.

குறிப்பு: குளிர்சாதன அறை உதவும், கதவும் சன்னலும் மூடியிருப்பதும், குளிரில் கொசு மந்தமாவதும் காரணம். அது கொசுவைக் கொல்லாது. கட்டிலடியும் திரைச்சீலை மடிப்பும் ஏடிஸ் ஒதுங்கும் இருட்டு இடங்கள். மாலை வெளியே கிளம்பும் முன் அங்கே ஒருமுறை மருந்து தெளித்து, அறையை மூடிவிட்டுப் போங்கள்.

கொசுவிரட்டியை லேபிள் பார்த்து வாங்குங்கள்

ட்யூபின் முன்பக்கப் படத்தை விடுங்கள். பின்பக்கத்தில் செயல்மருந்தின் பெயரும் விழுக்காடும் இருக்கும். டீட் 20 முதல் 30 விழுக்காடு அல்லது பிக்காரிடின் 20 விழுக்காடு இருந்தால் பெரியவர்களுக்குப் பல மணி நேரம் தாங்கும். விழுக்காடு கூடினால் காப்பின் நேரம்தான் கூடும், வீரியம் கூடாது. 50-க்கு மேல் போவதால் லாபமில்லை. சிட்ரொனெல்லா போன்ற மணத்தைலங்கள் சீக்கிரம் ஆவியாகிவிடும், மணிக்கு ஒருமுறை பூசத் தயாராக இருந்தால் மட்டும் நம்பலாம். எலுமிச்சை யூகலிப்டஸிலிருந்து எடுக்கும் பிஎம்டி தாவரவழி மருந்துகளில் ஓரளவு தேறியது. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு அது வேண்டாம்.

‘ரசாயனத்தைத் தோலில் பூசச் சொல்கிறீர்களே’ என்று கேட்பவர்களைக் கேலி செய்ய மாட்டேன், நியாயமான கேள்விதான். டீட்டை அமெரிக்க ராணுவம் 1946-இல் உருவாக்கியது, 1957-இலிருந்து பொதுமக்கள் பயன்படுத்துகிறார்கள். அரை நூற்றாண்டுக்கு மேலான அந்த அனுபவத்தில், சொன்னபடி பூசியவர்களுக்குக் கடுமையான தீங்கு நேர்ந்தது மிக அரிது. நேர்ந்தவற்றில் பல, விழுங்கியதாலோ அளவுக்கு மீறிப் பூசியதாலோ வந்தவை. இதற்கு மாற்றாக நாம் தயங்காமல் செய்வது என்ன? மூடிய அறையில் கொசுவத்திச் சுருளைக் கொளுத்துகிறோம். 2003-இல் வெளியான ஓர் ஆய்வு, ஒரு சுருள் விடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் எரித்ததற்குச் சமம் என்று அளந்தது. தோலில் மெல்லிய பூச்சுக்கு அஞ்சி நுரையீரலுக்கு அந்தப் புகையைக் கொடுப்பது நல்ல பேரம் அல்ல. சுருள் கொளுத்தியே ஆக வேண்டுமானால் திறந்த தாழ்வாரத்தில் கொளுத்துங்கள்.

பூசும் முறை:

1. வெயில் கிரீமை முதலில் பூசி, கால் மணி நேரம் ஊறவிட்டு, அதன்மேல் கொசுவிரட்டி. வரிசை மாறக் கூடாது. இரண்டும் கலந்த ஒற்றை கிரீமைத் தவிர்க்கலாம். வெயில் கிரீமை அடிக்கடி பூச வேண்டும், கொசுவிரட்டியை அவ்வளவு பூசக் கூடாது.
2. தெரியும் தோல் முழுவதும் மெல்லிசாக, தொடர்ச்சியாக. கல்யாண வாசலில் பன்னீர் தெளிப்பதுபோல் அங்கங்கே தெளித்தால் இடைவெளியைக் கொசு கண்டுபிடித்துவிடும். உடைக்கு அடியில் பூச வேண்டாம்.
3. முகத்தில் நேராக ஸ்பிரே அடிக்காமல் கையில் எடுத்துத் தடவுங்கள். கண், உதடு, காயம் ஆகியவற்றைத் தவிருங்கள்.
4. குழந்தைக்குப் பெரியவர்தான் பூச வேண்டும். குழந்தையின் உள்ளங்கையில் வேண்டாம், அது வாய்க்குப் போகும். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட கைக்குழந்தைக்கு மருந்தே வேண்டாம். தொட்டிலுக்கு வலை போதும்.
5. இரவு படுக்கும் முன் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள்.

டீட் பிளாஸ்டிக்கைக் கரைக்கும். மூக்குக் கண்ணாடியின் சட்டம், கைக்கடிகாரம், கைபேசி உறை ஆகியவற்றைத் தொடும் முன் விரல்நுனியைத் துடைத்துக்கொள்ளுங்கள். விமானத்தில் கைப்பையில் எடுத்துப்போக 100 மில்லிக்கு மேற்படாத குப்பி தேவை.

மின்சார ஒலி எழுப்பிக் கொசுவை விரட்டுவதாகச் சொல்லும் கருவிகள், கைவளையங்கள், பி வைட்டமின் மாத்திரை, பூண்டு ஆகியவற்றில் பணத்தைப் போட வேண்டாம். ஒலிக்கருவிகளைப் பற்றிய களஆய்வுகளை 2007-இல் தொகுத்துப் பார்த்த காக்ரேன் குழு, அவற்றால் கடி குறைந்ததற்குச் சான்றே இல்லை என்று முடிவுக்கு வந்தது. நிலவேம்புக் கஷாயம் குடித்துவிட்டுக் கிளம்பினால் போதாதா என்று தமிழ்நாட்டில் நிச்சயம் கேட்பார்கள். குடிக்க விருப்பமிருந்தால் குடியுங்கள். அது கொசு கடிப்பதைத் தடுக்காது, டெங்கு வராமல் காக்கும் என்பதற்கும் உறுதியான சான்று இல்லை. கஷாயம் குடித்த தைரியத்தில் பூச்சை விடுவதுதான் நஷ்டம்.

மசாய் மாரா: மாத்திரை, மஞ்சள் அட்டை, அந்திக்குப் பிந்தைய நேரம்

கென்யப் பயணத்தில் ஊருக்கு ஊர் உயரம் மாறும். 2,500 மீட்டருக்கு மேல் மலேரியா அபாயம் இல்லை. நைரோபி நகரில் குறைவு. மாராவின் புல்வெளி ஏறத்தாழ 1,500 மீட்டரில் தொடங்குவதால் அங்கே உண்டு. இந்த ஊருக்குக் கொசுவிரட்டி மட்டும் போதாது, தடுப்பு மாத்திரை வேண்டும். பழைய குளோரோகுவின் ஆப்பிரிக்க ஃபால்சிபாரத்திடம் எப்போதோ தோற்றுவிட்டது. வீட்டு மருந்துப் பெட்டியில் அது இருந்தால் நம்பாதீர்கள். மருத்துவர் பெரும்பாலும் மூன்றில் ஒன்றை எழுதுவார்.

அட்டோவாகுவோன்-புரோகுவானில் என்ற கூட்டு மாத்திரையைப் பயணத்துக்கு ஓரிரு நாள் முன் தொடங்கி, தினமும் உணவோடோ பாலோடோ போட்டு, மலேரியாப் பகுதியைவிட்டு வந்த பின் ஏழு நாளில் நிறுத்தலாம். டாக்ஸிசைக்கிளினையும் ஓரிரு நாள் முன்தான் தொடங்க வேண்டும், ஆனால் திரும்பிய பின் நான்கு வாரம் தொடர வேண்டும். வெயில் பட்டால் தோல் சிவக்கலாம், நிறையத் தண்ணீரோடு போட்டுக்கொண்டு உடனே படுக்காமல் இருக்க வேண்டும், கர்ப்பிணிகளுக்கும் எட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் ஆகாது. மெஃப்ளோகுவின் வாரம் ஒருமுறை. இரண்டு மூன்று வாரம் முன்பே தொடங்கி, திரும்பி நான்கு வாரம்வரை போட வேண்டும். மனநோய், வலிப்பு வரலாறு உள்ளவர்கள் அதன் பக்கம் போகக் கூடாது. எது என்று நீங்களே தேர்ந்தெடுக்க வேண்டாம். ஆனால் மருந்துக்கடையில் கையிருப்பு இருக்கும் என்று கடைசி வாரம்வரை காத்திருக்கவும் வேண்டாம்.

‘நான்கு நாள் சஃபாரிக்கு நான்கு வார மாத்திரையா?’ என்று தோன்றும். ஒட்டுண்ணி முதலில் கல்லீரலுக்குள் போய் ஒளிந்து, ஏழு நாளாவது கழித்தே ரத்தத்துக்கு வருகிறது. டாக்ஸிசைக்கிளின் ரத்தத்துக்கு வந்தவற்றைத்தான் பிடிக்கும், அதனால்தான் நீண்ட காவல். வீடு வந்து சேர்ந்த மகிழ்ச்சியில் அட்டையை மூடிவைப்பவர்கள், சரியாகத் தேவைப்படும் வாரத்தில் காவலை எடுத்துவிடுகிறார்கள். இன்னொரு பக்கம், ‘மாத்திரை போடுகிறேன், பூச்சு எதற்கு?’ என்பார்கள். எந்த மாத்திரையும் நூற்றுக்கு நூறு காப்பதில்லை. கடி குறைந்தால் மாத்திரையின் வேலையும் குறையும்.

மஞ்சள் அட்டை, அதாவது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் விஷயத்தில் கோட்டைவிடுபவர்கள் அதிகம். இந்தியாவில் மஞ்சள் காய்ச்சல் இல்லை, ஆனால் அதைப் பரப்பவல்ல ஏடிஸ் தெருவுக்குத் தெரு இருக்கிறது. அதனால்தான் கென்யா போன்ற நாடுகளிலிருந்து சான்றிதழ் இல்லாமல் வருபவரை, கென்யாவை விட்ட நாளிலிருந்து ஆறு நாள்வரை இந்தியாவில் தனிமைப்படுத்தி வைக்க விதி இடம் தருகிறது. அதாவது கென்யா கேட்காவிட்டாலும் உங்கள் சொந்த நாடு கேட்கும்.

1. அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் மட்டுமே ஊசி போடுங்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட் அவற்றில் ஒன்று. மற்ற மருத்துவமனைகள் எழுதித் தரும் தாள் விமான நிலையத்தில் செல்லாது. போட்டுக்கொள்ளும் நாளை முன்பதிவு செய்து, பாஸ்போர்ட்டோடு போங்கள்.
2. ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும். முந்தின நாள் போட்டு அட்டையை நீட்டினால் பயனில்லை.
3. ஒருமுறை போட்டால் ஆயுள் முழுதும் செல்லும். 2016 ஜூலைக்கு முன் ‘பத்தாண்டு’ என்று எழுதித் தந்த பழைய அட்டைக்கும் இது பொருந்தும்.
4. அறுபது வயதைக் கடந்து முதன்முறை போடுபவர்கள், முட்டை ஒவ்வாமை உள்ளவர்கள், எதிர்ப்புசக்தி குறைந்தவர்கள், கர்ப்பிணிகள், ஒன்பது மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகள் ஆகியோர் மருத்துவரின் யோசனை இல்லாமல் போடக் கூடாது. இது உயிருள்ள வைரஸ் ஊசி.
5. வேறு நாட்டுக்குப் போகும் வழியில் ஆடிஸ் அபாபாவில் விமானம் மாறுபவர்களுக்கும் இந்த விதி உண்டு. நிலையத்தைவிட்டு வெளியே போகாதவர்களுக்கு விலக்கு தர சுகாதார அதிகாரிக்கு இடமிருக்கிறது. அந்த விலக்கை நம்பி டிக்கெட் போடுவது உங்கள் தைரியத்தைப் பொறுத்தது.

காட்டில் அன்றாடம் செய்வது பாலியைவிட எளிது. மாலை ஐந்தரைக்குள் வாகனத்திலிருந்து இறங்கி, குளித்து, முழுக்கைச் சட்டையும் காலுறையும் மாட்டி, கை கால் கழுத்தில் பூசிக்கொண்டு, பிறகு நெருப்பைச் சுற்றி உட்காருங்கள். கூடாரத்தின் ஜிப்பை உள்ளே வந்த மறுகணமே இழுத்து மூடுங்கள். விளக்கைப் போட்டுவிட்டு ஜிப்பைத் தேடுவது தலைகீழ் வரிசை. வலையின் விளிம்பு மெத்தைக்கு அடியில் செருகியிருக்க வேண்டும், தூங்கும்போது முழங்கை வலையைத் தொடக் கூடாது. தொட்ட இடத்தில் வெளியிலிருந்தே கடிக்கும். கிளம்பும் முன் வலையில் கிழிசல் உண்டா என்று வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்கலாம். இன்னொன்று, கொசுவைச் சேராதது: கருநீலமும் கறுப்பும் உடுத்தாதீர்கள். அந்தப் பக்கத்து செட்ஸி ஈக்கு அந்த நிறங்கள் பிடிக்கும், மெல்லிய துணிமேலேயே கடிக்கும், கொசுவிரட்டிக்கு அவ்வளவாக அஞ்சாது.

கருவுற்றிருப்பவர்கள்

கர்ப்பிணிகளுக்கு ஃபால்சிபாரம் மிகக் கொடியது, ஜிகா கருவின் மூளை வளர்ச்சியைக் குலைக்கும். தள்ளிப்போட முடிகிற விடுமுறையைத் தள்ளிப்போடுங்கள். ஜிகா பரவும் பகுதிக்குப் போய்வந்த ஆண், திரும்பிய பின் மூன்று மாதம் ஆணுறை பயன்படுத்த வேண்டும். பெண் கருத்தரிப்பை இரண்டு மாதமாவது தள்ளிவைக்க வேண்டும்.

காய்ச்சல் வந்தால்

எவ்வளவு கவனமாக இருந்தாலும் சில கடிகள் தப்பாது. டெங்குவின் அறிகுறி பெரும்பாலும் கடித்த நான்கு முதல் பத்து நாளுக்குள் தெரியும். ஆகவே பயணத்தின் கடைசி நாட்களிலோ வீடு திரும்பிய முதல் இரண்டு வாரத்திலோ காய்ச்சல் வரலாம். பாராசிட்டமால் மட்டும் போடுங்கள். ஆஸ்பிரின், இப்யூபுரோஃபென், டைக்ளோஃபெனாக் கூடாது; ரத்தக்கசிவைக் கூட்டும். நம்மூரில் ‘உடம்புவலிக்கு ஓர் ஊசி’ கேட்டு வாங்கும் வழக்கம் இருப்பதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நம் குடும்பங்களில் டெங்கு என்றதும் எல்லோர் கண்ணும் பிளேட்லெட் எண்ணிக்கையின் மீது போய்விடும். பப்பாளி இலைச்சாறு தேடி ஆள் ஓடும். உயிருக்கு ஆபத்து பெரும்பாலும் வேறிடத்திலிருந்து வருகிறது: ரத்தக்குழாய்களிலிருந்து நீர் கசிந்து உடம்பு அதிர்ச்சி நிலைக்குப் போவது. அது நடப்பது மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில், காய்ச்சல் இறங்கும் வேளையில். காய்ச்சல் விட்டது, இனிப் பயமில்லை என்று வீட்டார் மூச்சு விடும் நேரத்தில்தான் விழிப்பு தேவை. விடாத வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், அளவுக்கு மீறிய சோர்வு அல்லது நிலைகொள்ளாமை, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாமை ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் வீட்டில் இருக்க வேண்டாம். வீட்டில் இருக்கும் நாட்களில் கஞ்சி, இளநீர், ஓஆர்எஸ் என்று குடித்துக்கொண்டே இருங்கள். நோயாளியைப் பகலிலும் வலைக்குள் படுக்க வையுங்கள். இல்லாவிட்டால் உங்கள் தெரு ஏடிஸ் பாலியின் வைரஸை அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோகும்.

கென்யாவிலிருந்து திரும்பியவருக்கு வேறு கணக்கு. மலேரியாப் பகுதியில் கால் வைத்து ஏழு நாள் ஆகும் முன் வரும் காய்ச்சல் மலேரியாவாக இருப்பது அரிது. அதன்பிறகு, குறிப்பாக முதல் மூன்று மாதத்துக்குள், எந்தக் காய்ச்சலையும் மலேரியா என்றே எடுத்துக்கொண்டு 24 மணி நேரத்துக்குள் ரத்தம் சோதிக்க வேண்டும். மாத்திரையை ஒழுங்காகப் போட்டிருந்தாலும் இது பொருந்தும். விவாக்ஸ் போன்ற வகைகள் கல்லீரலில் உறங்கி ஓராண்டு கழித்தும் எழக்கூடும்.

மருத்துவமனையில் உங்கள் பங்கு ஒன்று உண்டு. மழைக்காலத்தில் வரிசையில் நிற்கும் நாற்பதாவது காய்ச்சல்காரராக நீங்கள் இருந்தால், ‘வைரல் ஃபீவர்தான், மூன்று நாள் பார்ப்போம்’ என்ற பதில் எளிதாக வரும். ஃபால்சிபாரத்துக்கு அந்த மூன்று நாளே போதும். ஆகவே கேட்கும்வரை காத்திராமல் நீங்களே தொடங்குங்கள்: ‘டாக்டர், நான் கென்யாவில் மசாய் மாராவில் இருந்தேன். இந்தத் தேதியில் போனேன், இந்தத் தேதியில் வந்தேன். இந்த மாத்திரை போட்டேன், இத்தனை நாள் விட்டுப்போனது. மலேரியா ஸ்மியர் பார்க்க வேண்டும்.’ முதல் சோதனையில் ‘இல்லை’ என்று வந்து காய்ச்சல் தொடர்ந்தால் 12 முதல் 24 மணி நேர இடைவெளியில் மறுபடி, தேவையானால் மூன்றாம் முறையும் ரத்தம் கொடுங்கள். ஒருமுறை இல்லை என்று வந்த தாளை மட்டும் வைத்துக்கொண்டு வீடு திரும்பிவிடாதீர்கள்.